கொசு எந்தத் துறை? புதிதாக வேலையில் சேர்ந்த அரசு ஊழியர்களுக்கு ஒரு திறந்த மடல்

குமரி மாவட்டத்தின் வட்டாட்சியர் அலுவலகங்களிலும் மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சி ஒன்றிய அலுவலகங்களிலும் இளநிலை உதவியாளராக, கிராம நிர்வாக அலுவலராக, நில அளவராகப் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு வணக்கம்.

தேர்வுக்குப் படித்த புத்தகங்களை இந்நேரம் கட்டிப் பரணில் ஏற்றியிருப்பீர்கள். கோப்பு எழுதுவது எப்படி என்று பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். கூடவே ஒரு படத்தையும் பார்த்துவிடுங்கள் என்று சொல்லத்தான் இந்த மடல். அகிரா குரோசாவா 1952-இல் எடுத்த 'இகிரு'. ஜப்பானிய மொழி, கறுப்பு வெள்ளை, 143 நிமிடம். ஒரு நகராட்சி அலுவலகத்தில் ஒரு மனு என்ன பாடு படுகிறது என்பதை இதைவிடக் கூர்மையாகக் காட்டிய படம் எங்களுக்குத் தெரிந்து இல்லை.

கதை சுருக்கமாக: வாட்டனபே, மக்கள் குறை கேட்கும் பிரிவின் தலைவர். 30 ஆண்டு சர்வீஸ். வயிற்றில் புற்றுநோய், இன்னும் சில மாதங்கள்தான் என்று தெரியவருகிறது. குடித்துப் பார்க்கிறார், ஊர் சுற்றிப் பார்க்கிறார், எதிலும் மனம் ஒட்டவில்லை. கடைசியில் தன் மேசைக்கு வந்த பழைய மனு ஒன்றைக் கையில் எடுக்கிறார். சாக்கடை தேங்கிக் கிடக்கும் இடத்தை மூடிக் குழந்தைகளுக்குப் பூங்கா அமைக்கச் சொல்லிப் பெண்கள் கொடுத்த மனு அது. ஐந்து மாதத்தில் பூங்கா வருகிறது, அவர் போய்விடுகிறார்.

இந்தப் படத்தைப் பற்றி மேடையில் பேசுகிறவர்கள் பெரும்பாலும் பனி கொட்டும் இரவில் அவர் ஊஞ்சலில் உட்கார்ந்து பாடும் காட்சியோடு நின்றுவிடுவார்கள். சாகப்போகிறவர் நல்லது செய்தார், நாமும் செய்வோம், கைதட்டல், தேநீர். அலுவலகத்தில் உட்காருகிறவருக்கு அந்தக் காட்சியால் ஒரு பயனும் இல்லை என்பது எங்கள் வாதம். நமக்கு வேண்டியது அந்த ஐந்து மாதத்தில் அவர் என்ன செய்தார் என்பது. அவர் ஒரு விதியையும் மீறவில்லை, சொந்தக் காசையும் போடவில்லை. ஒரே ஒரு மனுவை முதலிலிருந்து கடைசிவரை தன் கையிலேயே வைத்திருந்தார்.

படத்தின் தொடக்கத்தில் அந்தப் பெண்கள் அலையும் அலைச்சலைக் கவனியுங்கள். குறைகளை இங்கே சொல்லலாம் என்று பலகை வைத்த சாளரத்தில்தான் முதலில் நிற்கிறார்கள். அங்கிருந்து பொதுப்பணிப் பிரிவு, பூங்கா, சுகாதார நிலையம், கழிவுநீர், சாலை, நகரமைப்பு, தீயணைப்பு, நகர்மன்ற உறுப்பினர், துணை மேயர் என்று ஒரு டஜன் கதவுகளுக்கு மேல் தட்டிவிட்டு, கிளம்பிய சாளரத்துக்கே திரும்புகிறார்கள். ஒருவர்கூட அவர்களிடம் எரிந்து விழவில்லை, ஒருவர்கூடக் கைநீட்டவில்லை. எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: இது எங்கள் வேலை இல்லை. அதில் பொய்யும் இல்லை.

நம் ஊர்க் குளம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக் கழிவுநீர் ஓடை வழியாக வந்து விழுகிறது, ஆகாயத்தாமரை மூடிவிட்டது, கொசுத்தொல்லை என்று திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனு வருகிறது. கரையும் மடையும் நீர்வளத்துறையுடையதாக இருக்கலாம், ஊராட்சியுடையதாகவும் இருக்கலாம். கோயில் தெப்பக்குளம் என்றால் அறநிலையத்துறை. எல்லையை அளப்பது வருவாய்த்துறை. ஓடை உள்ளாட்சியின் பொறுப்பு. ரோட்டுக்கு அடியில் போகும் கலுங்கு நெடுஞ்சாலைத்துறையுடையது. கொசுப்புழு சுகாதார ஆய்வாளரின் பாடு. தாமரைக்கோ மீனுக்கோ குளம் குத்தகைக்குப் போயிருந்தால் குத்தகைதாரர் ஒருவர் தனியாக இருப்பார். ஆக, ஒரு கொசுவுக்கு ஆறேழு வாசல்கள். 'தக்க நடவடிக்கைக்காக அனுப்பலாகிறது' என்று ஒரு வரி எழுதி நகர்த்திவிட்டால் உங்கள் பதிவேட்டில் மனு முடிந்துவிடும். கொசு அங்கேயேதான் இருக்கும்.

வாட்டனபே திரும்பி வந்து உட்கார்ந்ததும் செய்யும் முதல் காரியம், அந்த மனுவைப் பொதுப்பணிக்குத் தள்ளிவிடாமல் தன் பிரிவே முன்னின்று செய்ய வேண்டும் என்று சொல்வது. அடுத்தது, அந்த நிமிடமே மழையில் இடத்தைப் பார்க்கக் கிளம்புவது. இரண்டையும் நம் மாவட்டத்தில் எப்படிச் செய்வது என்பதைச் சற்று விரிவாகவே சொல்கிறோம்.

மனுவில் முதலில் கோளாறாவது சர்வே எண். மக்கள் ஆதாரத்தை, அதாவது நிலப் பத்திரத்தை, பார்த்துப் பழைய சர்வே எண்ணை எழுதியிருப்பார்கள். நம் பதிவேடுகள் ரீசர்வே (மறு நில அளவை) எண்ணில் இருக்கும். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்காமல் 'மேற்படி எண்ணில் குளம் ஏதும் இல்லை' என்று பதில் போனால், அந்த ஒற்றை வரி ஆக்கிரமித்தவருக்குச் சான்றிதழ் ஆகிவிடும். அடுத்தது கிராமத்தின் பெயர். மனுவில் ஊர்ப்பெயர் இருக்கும், பதிவேட்டில் வருவாய் கிராமத்தின் பெயர் வேறாக இருக்கும். மூன்றாவது அளவு. மனுதாரர் சென்டில் சொல்வார், பதிவேடு ஹெக்டேர், ஏர் கணக்கில் பேசும். ஒரு ஏர் என்பது ஏறத்தாழ 2.47 சென்ட், மாற்றி எழுதிப் பாருங்கள், இரண்டு பேரும் ஒரே இடத்தைத்தான் சொல்கிறார்களா என்பது தெரிந்துவிடும். அதன்பிறகு கிராமத்து நிலங்களின் வகையைச் சொல்லும் 'அ' பதிவேட்டில் அது குளமா, ஓடையா, வெறும் புறம்போக்கா என்று வகைப்பாட்டைப் பார்த்து, புலப்படத்தை (அந்த எண்ணின் அளவை வரைபடத்தை) பக்கத்தில் விரித்து வையுங்கள். இத்தனைக்கும் அரைமணி நேரம் போதும். இந்த அரைமணியை மிச்சம் பிடித்த மனுக்கள்தான் ஒவ்வோர் ஆண்டும் திரும்பத் திரும்ப வருகின்றன.

பிறகு இடத்தைப் போய்ப் பாருங்கள். முடிந்தால் மழை பெய்யும்போதே. வெயில் காலத்தில் போனால் காய்ந்த கறைதான் தெரியும். மழையில் போனால் தண்ணீர் எந்த வீட்டுப் பக்கமிருந்து வருகிறது, கலுங்கில் எந்த இடத்தில் அடைத்துக்கொண்டு பின்னோக்கித் தேங்குகிறது என்பதைத் தண்ணீரே காட்டிவிடும். படம் எடுக்கும்போது மின்கம்பத்தின் எண்ணும் சேர்ந்து விழும்படி எடுங்கள். தென்னையும் வாழையும் எல்லாக் கரையிலும் ஒரே மாதிரிதான் இருக்கும். கம்ப எண் இருந்தால்தான் அடுத்த அதிகாரி அதே இடத்தில் வந்து நிற்பார்.

கடிதம் அனுப்பும்போது எல்லாத் துறைக்கும் ஒரே நகலை அனுப்பாதீர்கள். ஒவ்வொரு துறையிடமும் அதற்கென்று ஒரு கேள்வி கேளுங்கள். நில அளவைக்கு: வடக்கு எல்லையை அளந்து கல் நட எந்தத் தேதி? நீர்வளத்துறைக்கு: மடையின் ஷட்டர் இறங்குகிறதா? பேரூராட்சிக்கு: இந்த ஓடையில் எத்தனை வீட்டுக் குழாய் விடப்பட்டிருக்கிறது, உறிஞ்சுகுழிக்கு இடம் இருக்கிறதா? பதிலில் ஒரு எண்ணோ தேதியோ வரும்படி கேட்டால் 'ஆவன செய்யப்படும்' என்று எழுதி அனுப்ப முடியாது. பிறகு எல்லோரையும் ஒரே நாளில் அந்தக் கரைக்கு வரச்சொல்லிக் கூட்டு ஆய்வு. முடிவுகளை அங்கேயே ஒரு தாளில் எழுதி, ஜீப்பின் பானட்டில் வைத்து எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிவிடுங்கள். அலுவலகத்துக்குப் போய் அனுப்புகிறேன் என்று சொன்ன கையெழுத்து வந்து சேராது.

கிராம சபையில் தீர்மானம் போட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள். ஆண்டுக்கு ஆறு நாள் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஆனால் நம் மாவட்டத்தில் 50-க்கும் மேற்பட்ட பேரூராட்சிகள் உண்டு. அங்கே கிராம சபை கிடையாது, மன்றத் தீர்மானம்தான். பேரூராட்சிக்காரரிடம் கிராம சபைத் தீர்மானம் கேட்டு மனுவைத் திருப்புவது வீண் அலைச்சல்.

இதையெல்லாம்விட முக்கியம் காலம். வாட்டனபேக்கு நோய் கெடு வைத்தது. நமக்கு அணை வைக்கிறது. பேச்சிப்பாறை, பெருஞ்சாணித் தண்ணீர் வழக்கமாக ஜூனில் கன்னிப்பூ என்னும் முதல் நெற்போகத்துக்குத் திறந்து, இரண்டாம் போகமான கும்பப்பூ முடிந்து பிப்ரவரி கடைசியில் அடைபடும். சானலில் தண்ணீர் வந்துவிட்டால் குளம் நிறையும். பிறகு அளக்கவும் முடியாது, தூர்வாரவும் முடியாது. நமக்கு இரண்டு பருவமழையும் உண்டு என்பதால் இடையில் வேறு இடைவெளியும் வாய்க்காது. கையில் இருப்பது மார்ச், ஏப்ரல், மே, அதிலும் கோடைமழை இல்லாத நாட்கள். அளவை, மதிப்பீடு, ஒப்புதல், ஒப்பந்தப்புள்ளி எல்லாம் பிப்ரவரிக்குள் முடிந்திருந்தால்தான் மார்ச்சில் மண்வெட்டி இறங்கும். நவம்பரில் வந்த மனு உங்கள் மேசையில் 20 நாள் தூங்கினால் ஒரு முழு ஆண்டு போய்விட்டது என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மிரட்டல் வரும். படத்தில் அந்த இடத்தை மதுக்கடைகளுக்குக் கேட்கும் ரவுடிகள் நடைபாதையில் அவரை மறித்து, உயிர்மேல் ஆசை இல்லையா என்று கேட்கிறார்கள். அவர் சிரிக்கிறார். படத்தில் அது போதும். நீங்கள் சிரித்துவிட்டு, எந்த நாள், எத்தனை மணிக்கு, யார் வந்து என்ன சொன்னார் என்று குறிப்பில் எழுதிக் கோப்பில் வையுங்கள். மேலிடத்திலிருந்து தொலைபேசியில் சொன்னார்கள் என்றாலும் அப்படியே. எழுதி வைப்பார் என்று தெரிந்த ஊழியரிடம் பேச்சு தானாகவே குறைந்துவிடும். இன்னொன்று, வாட்டனபே மற்றப் பிரிவுகளின் வாசலில் பொறுமையாகக் காத்திருக்கிறார், கடைநிலை எழுத்தரிடம்கூடக் குனிந்து கேட்கிறார். ஆத்திரப்படவில்லையா என்று உடனிருப்பவர் கேட்டால், யார்மேலும் கோபப்பட எனக்கு நேரம் இல்லை என்கிறார். மூன்றாவது நினைவூட்டுக் கடிதம் தயாரிக்கும் நேரத்தில் மாடிப்படி ஏறி அடுத்த அலுவலகத்துக்கு நடந்துவிட்டு வந்துவிடலாம்.

வேலை முடிந்ததும் கோப்பை எந்த வகையில் முடிக்கிறீர்கள் என்பதில் கவனம். ஓராண்டில் அழிக்கும் வகையில் நீர்நிலைக் கோப்பை மூடிவிட்டால், கூட்டு ஆய்வுத் தாளும் அளவைக் குறிப்பும் அதோடு போகும். எல்லைக்கல்லைப் பிடுங்கிப் போட்டவர் மறுபடி வரும்போது உங்கள் கையில் ஒன்றும் இருக்காது. நிரந்தரமாக வைக்கும்படி எழுதி, ஒப்புதல் வாங்கிவிடுங்கள்.

படத்தை உங்கள் அலுவலகத்திலோ பயிற்சியிலோ போடுவதாக இருந்தால் ஒரு யோசனை. பாதியில் நிறுத்த வேண்டியிருந்தால் அவர் மழையில் இறங்கிப் போகும் இடத்தில் நிறுத்துங்கள். அடுத்த காட்சியே அவருடைய இறுதிச் சடங்கு. பெருமையைத் துணை மேயர் எடுத்துக்கொள்கிறார், உடன் வேலை பார்த்தவர்கள் குடித்துக்கொண்டே நடந்ததைத் துண்டு துண்டாக நினைவுகூருகிறார்கள். எளிதில் சலிப்புத் தட்டும் பகுதி. தேநீர் குடித்துவிட்டுத் தெளிவாக உட்கார்ந்து பார்க்க வேண்டும். அவர்கள் எல்லோரும் இனி நாமும் இப்படியே இருப்போம் என்று அழுது சூளுரைக்கிறார்கள். பிறகு அலுவலகத்தில் இன்னொரு சாக்கடை மனு வருகிறது; புதிய தலைவர் பொதுப்பணிக்குத் தள்ளிவிடுகிறார். கிமுரா என்ற ஊழியர் மட்டும் சட்டென எழுகிறார், பிறகு உட்கார்ந்து காகிதக் குவியலுக்குப் பின்னால் மறைந்துபோகிறார்.

கிமுராவைக் கோழை என்று பலர் சொல்கிறார்கள். எங்களுக்கு வாட்டனபே மேல்தான் ஒரு குறை. ஐந்து மாதம் யாரிடம் எதற்காகப் போனார், எந்த ஒப்புதலுக்கு எது தடையாக இருந்தது என்பதை அவர் கிமுராவுக்கு எழுதி வைக்கவே இல்லை. அந்தப் பூங்கா எப்படி வந்தது என்பதே உடனிருந்தவர்களுக்கு ஊகமாகத்தான் தெரிகிறது. இளவயதில் அலுவலகத்தைச் சீர்திருத்த எழுதிய யோசனைகள் மேசை இழுப்பறையில் கிடக்க, அதிலிருந்தே ஒரு தாளைக் கிழித்து முத்திரையைத் துடைத்துக்கொள்கிறவர் அவர். எழுதி வைப்பதில் நம்பிக்கை போயிருக்கலாம்.

உங்களுக்கும் இடமாறுதல் ஆணை வரும், பெரும்பாலும் பாதி வேலையில். சாவியையும் பதிவேடுகளையும் ஒப்படைக்கும்போது நிலுவையில் உள்ள ஒவ்வொரு நீர்நிலை மனுவுக்கும் ஒரு பக்கம் தனியாக எழுதிக் கொடுங்கள்: ரீசர்வே எண்ணும் பழைய எண்ணும், கூட்டு ஆய்வில் யார் எதற்கு ஒப்புக்கொண்டார், எந்த மூலையில் கல் இல்லை, மதிப்பீடு எந்த மேசையில் நிற்கிறது, மனுதாரரின் தொலைபேசி எண், மார்ச்சுக்குள் முடிய வேண்டியது எது. வருகிறவரை ஒருமுறை அந்தக் கரைக்குக் கூட்டிக்கொண்டு போய், மனு கொடுத்தவர்களையும் அறிமுகப்படுத்திவிட்டுப் புதிய இடத்தில் போய்ச் சேருங்கள்.

இப்படிக்கு,
நாகர்கோவிலில் கூடிப் படம் பார்த்துப் பேசும் சிலர். எங்களில் பாதிப் பேர் ஓய்வுபெற்ற வருவாய்த்துறை, உள்ளாட்சித்துறை ஊழியர்கள்