உங்கள் ரெக்கார்டர் உண்மையில் எதைப் பதிவு செய்கிறது?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். "ரெக்கார்ட் பண்ணின மேட்ச் பாதியில் கட்டம் கட்டமாக உடையுது, பெட்டியில் கோளாறு" என்று டிவி ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் பலர். பல தடவை பெட்டியில் ஒரு குறையும் இருப்பதில்லை. வீண் அலைச்சலைத் தவிர்க்கத்தான் இந்த மடல்.

திரையில் தெரியும் படத்தை ரெக்கார்டர் பிடித்து வைப்பதில்லை. படமும் ஒலியும் ஒளிபரப்பும் இடத்திலேயே சுருக்கப்பட்டு, வெறும் தரவாகத்தான் வருகின்றன. அதை வந்தது வந்தபடி ஹார்டு டிஸ்கில் எழுதுவதுதான் பெட்டியின் வேலை. 1999-இல் வந்த டிவோ, ரீப்ளே டிவி போன்ற பழைய பெட்டிகள் அனலாக் சிக்னலை வாங்கித் தாங்களே சுருக்கின. தரத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். இப்போதைய டிஜிட்டல் பெட்டிகளில் பெரும்பாலும் அந்த வசதி கிடையாது, தேவையும் இல்லை. நேரலையில் என்ன தரமோ பதிவிலும் அதே தரம்.

தரவு 188 பைட் கொண்ட சின்னச் சின்னப் பாக்கெட்டுகளாக வருகிறது. ஒரே அதிர்வெண்ணில் பல சேனல்களின் பாக்கெட்டுகள் கலந்தே வரும். ஒவ்வொன்றின் தலைப்பிலும் ஓர் அடையாள எண் உண்டு. அதைப் பார்த்து, நீங்கள் கேட்ட சேனலுக்கு உரியதை மட்டும் பெட்டி பொறுக்கிக்கொள்ளும். "நேற்று இரண்டு சேனலைச் சேர்த்துப் பதிவு செய்தது, இன்று மாட்டேன் என்கிறதே" என்பதற்கும் விடை இதில்தான். பெட்டிக்குள் சிக்னலைப் பிடிக்கும் பாகம்தான் டியூனர். ஒரு டியூனர் ஒரு நேரத்தில் ஓர் அதிர்வெண்ணைத்தான் பிடிக்கும். இரண்டு சேனலும் அதே அதிர்வெண்ணில் வந்தால் சில பெட்டிகள் சமாளித்துவிடும்; இல்லையென்றால் இரண்டாவது டியூனர் வேண்டும்.

சரி, படம் ஏன் உடைகிறது? சிக்னலில் சிறு பிழை என்றால் பெட்டியே திருத்திக்கொள்ளும். மழையிலோ தளர்ந்த கனெக்டராலோ பிழை அளவு மீறினால் பாக்கெட் போனது போனதுதான், டிஸ்கிலும் அந்த இடம் ஓட்டைதான். அது கண்ணுக்கு இவ்வளவு பெரிதாகத் தெரியக் காரணம், முழுப் படம் அவ்வப்போது மட்டுமே வருகிறது. நடுவில் வருபவை முந்தைய படத்திலிருந்து மாறிய பகுதிகள் மட்டும். அதனால் ஒரு பாக்கெட் தொலைந்தாலும், அடுத்த முழுப் படம் வரும்வரை கட்டங்கள் அப்படியே நிற்கும், அப்புறம் சட்டென்று தெளியும். வேகமாக ஓட்டும்போது படம் தாவித் தாவிப் போவதும் இதனால்தான்: பெட்டி ஒரு முழுப் படத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாண்டுகிறது.

கடைக்குக் கிளம்பும் முன் ஒரு சோதனை. உடைந்த இடத்தைப் பின்னால் ஓட்டி மறுபடி பாருங்கள். ஒவ்வொரு முறையும் அதே நொடியில் உடைந்தால் பெரும்பாலும் சிக்னல் பிரச்சினை. வயரையும் கனெக்டரையும் பாருங்கள். ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் உடைந்தால் டிஸ்க் மேல்தான் சந்தேகம். அப்போது தாராளமாகக் கொண்டு வாருங்கள்.

இடக் கணக்கு எளிது. நொடிக்கு 8 மெகாபிட் வேகத்தில் வரும் எச்டி சேனல் மணிக்கு 3.6 ஜிபி பிடிக்கும். 500 ஜிபி டிஸ்கில் அது கணக்குப்படி கிட்டத்தட்ட 139 மணி நேரம். நடைமுறையில் கொஞ்சம் குறைவாகவே கிடைக்கும், ஏனென்றால் நேரலையை நிறுத்திப் பார்க்கும் வசதிக்காகப் பெட்டி ஒரு பகுதியை ஒதுக்கி, நீங்கள் பதிவு போடாதபோதும் அதில் எழுதிக்கொண்டே இருக்கும். பழையதை அழித்துப் புதியதை எழுதும். டிஸ்க்குக்கு ஓய்வே இல்லாததால், ஓடும்போது பிளக்கைப் பிடுங்க வேண்டாம்.

கடைசியாக, பலருக்கு வருத்தம் தரும் விஷயம். கட்டணச் சேனல்களின் பதிவுகள் பூட்டிய நிலையிலேயே டிஸ்கில் இருக்கும், சாவி அந்தப் பெட்டிக்குள். டிஸ்கைக் கழற்றிக் கம்ப்யூட்டரில் மாட்டினாலும் ஓடாது. பெட்டியின் போர்டை மாற்ற நேர்ந்தால் பழைய பதிவுகள் திறக்காமலே போகலாம். அதனால் பெட்டி ஓரளவு ஓடிக்கொண்டிருக்கும்போதே, முக்கியமானவற்றைப் பார்த்து முடித்துவிட்டுப் பழுதுக்குக் கொடுங்கள்.

அன்புடன்,
பழுதுபார்ப்புப் பிரிவு