பெண்கள் குத்துச்சண்டைப் பயிற்சி: இடம் மாற்றம்

வணக்கம் சகோதரிகளே. மார்ச் 15, ஞாயிறு காலை 7.30 மணிப் பயிற்சி சமூக மன்றத்தில் நடக்கும். நமது புளோக்கின் கீழ்த்தளத்தில் அன்று கல்யாண விருந்து.

1. கைக்கட்டுத் துணி அவசியம். போன வாரம் விரலிடுக்கில் சுற்றாமல் விட்டவர்களுக்கு மணிக்கட்டு வீங்கியது. நாலரை மீட்டரையும் பொறுமையாகச் சுற்றுங்கள். பக்கத்தில் இருப்பவர் உதவட்டும்.

2. கையுறை இரவல் உண்டு. வியர்வை நாற்றத்துக்கு நான் பொறுப்பல்ல.

3. அம்மா, மாமியாரையும் அழைத்து வாருங்கள். பெண்கள் குத்துச்சண்டை ஒலிம்பிக்கில் நுழைந்ததே 2012இல்தான். அங்கே வெண்கலம் வென்ற மேரி கோம் அப்போது இரட்டைக் குழந்தைகளின் தாய். சாக்கு செல்லாது.

4. பிறகு கோப்பிக்கடை. நான்காம் மாடியும் பதினோராம் மாடியும் பேசத் தொடங்கியது அங்கேதான்.

வருபவர்கள் வெள்ளி இரவுக்குள் பெயரைப் பதிவிடுங்கள். கையுறை வேண்டுமென்றால் அதையும் குறிப்பிடுங்கள்.