வட்டி பாடத்தை வீட்டு லோன்ல இருந்து ஆரம்பிங்க

பத்திரிகை ஆசிரியர் சார் வணக்கம், நான் காட்பாடியில எம்.ஏ. எகனாமிக்ஸ் படிக்கிறேன். கிளாஸ்ல வட்டியும் நாட்டு வருமானமும் எப்படி ஒண்ணா முடிவாகுதுன்னு காட்டுற ஐஎஸ்-எல்எம் கோடுகளை போர்டுல போட்டுட்டு அடுத்த பக்கம் போயிடுறாங்க. 2022 மே மாசம் 4 சதவீதமா இருந்த ரெப்போ ரேட்டை, அதாவது மத்த பேங்குகளுக்குத் தான் கொடுக்கிற கடனோட வட்டியை, ரிசர்வ் பேங்க் ஏத்த ஆரம்பிச்சு 2023 பிப்ரவரியில 6.5க்கு கொண்டு போச்சு, விலைவாசியை அடக்கத்தான், சரி, ஆனா குடியாத்தத்துல எங்க மாமா வீட்டு லோன் பேப்பரை எடுத்துக் காட்டினாரு பாருங்க, மாசத் தவணை அப்படியே இருக்கு, வட்டி ஏறினதால லோன் முடியுற வருஷம் மட்டும் தள்ளிப் போயிருக்கு, அதைப் பார்த்தப்புறம் தான் எனக்குப் பாடமே புரிஞ்சுது. மழையில தக்காளி அழுகி விலை ஏறினா வட்டியை ஏத்தி என்ன பண்றதுன்னு அத்தை கேட்டாங்க. நல்ல கேள்வி, வரத்து குறைஞ்சா வட்டியால பெருசா ஒண்ணும் பண்ண முடியாது. ரிசர்வ் பேங்க் வட்டியை அறிவிக்கிற ஒவ்வொரு தடவையும் இதையெல்லாம் நம்ம தமிழ்ல அரைப் பக்கமாவது போடுங்க சார்.

இப்படிக்கு,
ஒரு மாணவி, காட்பாடி