டாலியின் கையெழுத்து

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் டால்ஸ்டாயின் ‘அன்னா கரீனினா’ நாவலைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். அன்னாவும் அவள் காதலன் விரான்ஸ்கியும் ஒருவரையொருவர் வதைத்துக்கொள்ளும் கடைசி மாதங்களைப் பற்றிய பகுதி மனதைப் பிசைந்தது. ஆனால் நடுவில் ஒரு வரி: அண்ணன் குடும்பத்தைக் காப்பாற்றிய அன்னாவால் தன் குடும்பத்தைக் காப்பாற்ற முடியவில்லை என்று. அதன் முதல் பாதியை என்னால் ஏற்க முடியவில்லை. அந்த அண்ணன் ஸ்டீவாவின் மனைவிதான் டாலி. அவள் குடும்பம் எங்கே காப்பாற்றப்பட்டது?

கதை தொடங்கும்போது டாலிக்கு 33 வயது. உயிரோடு ஐந்து பிள்ளைகள், பறிகொடுத்தது இரண்டு. வீட்டில் பாடம் சொல்லிக்கொடுத்த பிரெஞ்சுக்காரியோடு புருஷனுக்குத் தொடர்பு என்பது ஒரு கடிதத்தில் தெரிந்துவிடுகிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டு அவள் கேட்கும்போது ஸ்டீவா அசட்டுச் சிரிப்பு சிரிக்கிறான். அவளால் தாங்க முடியாதது அந்தச் சிரிப்புதான். அம்மா வீட்டுக்குப் போகத் துணிமணிகளை எடுக்கிறாள், ஆனால் கிளம்ப முடியவில்லை. அப்போதுதான் பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து நாத்தனார் வந்து இறங்குகிறாள், அண்ணனுக்காகப் பேச.

நானும் ஒருமுறை என் தம்பிக்காக அப்படிப் போய் உட்கார்ந்திருக்கிறேன். அவன் மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்து, “பிள்ளைகள் முகத்தைப் பாரும்மா” என்று சொன்னேன். அவள் ஒன்றும் பேசாமல் சேலைத் தலைப்பில் நூல் நூலாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். நல்ல மனதோடுதான் சொன்னேன். அன்னாவும் நல்ல மனதோடுதான் வருகிறாள். குழந்தைகளின் பெயர், வயது, யாருக்கு என்ன நோய் வந்தது என்பதுவரை ஞாபகம் வைத்து விசாரிக்கிறாள். டாலி உருகிப்போகிறாள். நீயாக இருந்தால் மன்னிப்பாயா என்று கேட்கிறாள். மன்னிப்பேன், எதுவுமே நடக்காதது போல மன்னிப்பேன் என்கிறாள் அன்னா. டாலி மன்னிக்கிறாள். ஸ்டீவா மாறவே இல்லை. மாறாத மனிதனோடு ஒரு பெண்ணைச் சேர்த்து வைப்பதற்குக் காப்பாற்றுவது என்று பெயர் வைக்கலாமா?

அப்புறம் ஆறாம் பாகம். புருஷனை விட்டு விரான்ஸ்கியோடு வாழப் போனதால் ஊரே ஒதுக்கிய அன்னாவைப் பார்க்க, தங்கை புருஷன் லெவின் கொடுத்த குதிரைகளில் டாலி போகிறாள். அவளுக்கென்று சிந்திக்க நேரம் கிடைப்பதே அந்த வண்டியில்தான். கர்ப்பம், குமட்டல், பால் கொடுத்துப் புண்ணான மார்பு, இறந்த குழந்தையின் சின்னச் சவப்பெட்டி என்று எல்லாம் வரிசையாக வருகின்றன. அன்னா செய்ததில் என்ன தப்பு என்றுகூட ஒரு கணம் நினைக்கிறாள். ஆனால் விரான்ஸ்கியின் அந்தப் பெரிய மாளிகையில், தவறிப்போய்ப் பெட்டியில் வைத்துவிட்ட ஒட்டுப்போட்ட சட்டையை நாகரிகமாக உடுத்திய வேலைக்காரி பார்த்துவிடக் கூடாதே என்று கூசுகிறாள். வீட்டில் அதே ஒட்டுகள் அவளுக்குப் பெருமை. ஆறு சட்டைக்குத் துணி மட்டுமே 15 ரூபிளுக்கு மேல் ஆகும், அதை மிச்சம் பிடித்திருக்கிறாளே! டால்ஸ்டாய் அந்தக் கணக்கை விடாமல் எழுதுகிறார். அன்றைக்கு அத்தனை பிள்ளைகளின் நோய்நொடியையும் ஞாபகம் வைத்திருந்த அன்னாவுக்கு, இப்போது சொந்த மகளுக்கு எத்தனை பல் முளைத்திருக்கிறது என்பது சரியாகத் தெரியவில்லை. அதைக் கவனிப்பதும் டாலிதான். அன்னாமேல் அவளுக்குக் கோபம் இல்லை, ராத்திரி பேசும்போது அவளுக்காக மனம் கசிகிறாள். ஆனாலும் மறுநாளே பிள்ளைகளிடம் ஓடுகிறாள்.

ஒட்டுப்போட்டு உடுத்தும் இவளுடைய சீதனக் காட்டைத்தான் ஸ்டீவா 38,000 ரூபிளுக்கு ஒரு வியாபாரியிடம் தள்ளிவிடுகிறான். அடிமாட்டு விலை என்று லெவின் அடித்துக்கொள்கிறான். பணம் ஸ்டீவாவின் கையில் கரைகிறது. அன்றைய ரஷ்யச் சட்டத்தில் மனைவியின் சொத்து கல்யாணத்துக்குப் பிறகும் மனைவிக்கே சொந்தம், அதனால் பணத்துக்கான ரசீதில் அவள் கையெழுத்து வேண்டும். ஏழாம் பாகத்தில், ஸ்டீவாவின் பணமுடையைச் சொல்லிக்கொண்டு போகிற போக்கில் ஒரு செய்தி வருகிறது. அந்தக் குளிர்காலத்தில்தான் டாலி முதன்முறையாகத் தன் சொத்து தனக்கு என்று சொல்லி, காட்டின் கடைசி மூன்றில் ஒரு பங்குக்குக் கையெழுத்துப் போட மறுத்துவிட்டாள்.

கட்டுரையாளர் அந்தப் பக்கத்தை இன்னொரு முறை படிக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கும்பகோணம்