யாரும் வாய் திறக்கவில்லையா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜப்பானின் முதல் புல்லட் ரயில் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில், "ஒருவரும் வாய் திறக்கவில்லை, ஐந்தே ஆண்டில் பாதை தயார்" என்று ஒரு வரி. அதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

டோக்கியோ–ஒசாகா 515 கி.மீ. பாதைக்கு 1959 ஏப்ரலில் வேலை தொடங்கி, 1964 அக்டோபர் 1-இல் வண்டி ஓடியது. சரி. ஆனால் போர்க்காலத்திலேயே இதற்கு நிலம் வாங்கி, 1941-இல் புதிய தன்னா சுரங்கத்தைக் குடையத் தொடங்கி, பாதியில் நிறுத்தினார்களே, அது உங்களுக்குத் தெரியாததா? முதலில் சொன்ன செலவு சுமார் 20,000 கோடி யென். முடிந்தபோது 38,000 கோடி. அந்தப் பழியோடு 1963-இல் ரயில்வே தலைவர் சோகோ ஷின்ஜி பதவியை விட்டார். தலைமைப் பொறியாளர் ஷிமா ஹிதேயோவும் கூடவே வெளியேறினார். முதல் வண்டியை வழியனுப்பிய விழாவுக்கு இருவரையும் கூப்பிடவே இல்லை. நகோயாவில் பாதையோரம் குடியிருந்த 575 பேர் சத்தமும் அதிர்வும் தாங்காமல் 1974-இல் வழக்குப் போட்டார்கள். 1986-இல்தான் சமரசம் ஆனது. இவர்களா வாய் திறக்காதவர்கள்?

நான் தண்டவாளப் பராமரிப்பில் இருந்து ஓய்வு பெற்றவன். ஜப்பானின் அந்தப் பாதையில் நள்ளிரவு 12 முதல் காலை 6 வரை பயணிகள் வண்டியே கிடையாது. அந்த நேரம் பராமரிப்புக்கு. இங்கே எங்களுக்கோ, வேலை செய்ய வண்டிகளை நிறுத்தித் தரும் 'பிளாக்' ஒரு மணி நேரம் கேட்டால், "வண்டி லேட், அப்புறம் பார்க்கலாம்" என்பார்கள். தண்டவாளத்தைப் பற்றவைத்த வெல்டில் விரிசல் கண்ட இடத்தில் இரும்பு பிளேட் வைத்துக் கிளாம்பை முறுக்கி, பாதையை நடந்து பார்க்கும் கீமேனைக் காவலுக்கு நிறுத்திவிட்டு, ஒவ்வொரு வண்டியும் அதன்மேல் ஊர்ந்து தாண்டும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்போம். வேகத்தை மட்டும் புகழ்ந்தால் எங்களுக்கு வலிக்காதா, ஐயா?

ரயில் என்றாலே உங்கள் இதழில் வேகமும் சொகுசு இருக்கையும்தான். வேலை நேரத்தில் வண்டியில் அடிபட்டுச் சாகும் டிராக்மேன்களைப் பற்றி முன்பு எழுதி அனுப்பினேன். வெளியிடவில்லை. கிடைத்தது என்று ஒரு வரி பதில்கூட இல்லை.

அடுத்த இதழில் அந்த வரிக்கு ஒரு திருத்தம் போடுங்கள். சோகோ, ஷிமா இருவர் பெயரும் அதில் இருக்கட்டும். நாலு வரி போதும்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்