வளர்ப்பை மட்டும் குறை சொல்லாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பள்ளிப் பிள்ளைகளின் உடல் பருமன் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். நொறுக்குத் தீனி, செல்போன், விளையாட்டு இல்லாமை என்று சொன்னதெல்லாம் சரி. ஆனால் பெற்றோர் கண்டிப்பாக வளர்த்தால் எந்தக் குழந்தைக்கும் எடை கூடாது என்று முடித்திருந்ததை என்னால் ஏற்க முடியவில்லை. பரம்பரையைப் பற்றி ஒரு வரிகூட அதில் இல்லை.

எனக்கு இரண்டு பெண்கள். ஒரே சமையல், ஒரே பள்ளி. சாயங்காலம் தெருமுனை வண்டியில் வாங்கும் தட்டுவடை செட்கூட ஆளுக்குப் பாதிதான். மூத்தவள் ஒல்லி. எட்டாவது படிக்கும் சின்னவள் அவளுடைய அப்பாயியின் உடல்வாகு. போன வருடம் பள்ளியில் எல்லோர் முன்னிலையிலும் எடை பார்த்து, சத்தமாகப் படித்திருக்கிறார்கள். அப்புறம் மதியச் சாப்பாட்டை அப்படியே திருப்பிக் கொண்டுவர ஆரம்பித்தாள். ராத்திரி பசி தாங்காமல் சேர்த்துச் சாப்பிடுவாள். எடை குறையவே இல்லை. விசேஷ வீடுகளில் "என்னத்தப் போட்டு வளக்கற?" என்ற கேள்வி என்னிடம்தான் வருகிறது. அவள் அப்பாவிடம் யாரும் கேட்டதில்லை.

டென்மார்க்கில் சிறு வயதில் தத்துக் கொடுக்கப்பட்ட 540 பேரை வைத்துச் செய்த ஆய்வு 1986இல் வெளியானது. பெரியவர்களான பின் அவர்களின் உடல்வாகு பெற்றவர்களை ஒத்திருந்தது, வளர்த்தவர்களை ஒத்திருக்கவில்லை. எஃப்.டி.ஓ. என்ற மரபணுவுக்கும் உடல் எடைக்கும் தொடர்பு இருப்பதை 2007இல் கண்டறிந்தார்கள். அதன் ஒரு வகை அம்மா, அப்பா இருவரிடமிருந்தும் வந்துவிட்டால், பெரியவர்களுக்குச் சராசரியாக 3 கிலோ கூடுகிறது. அந்த வித்தியாசம் 7 வயதிலேயே தெரிய ஆரம்பிக்கிறது. அந்த வகை உள்ள பிள்ளைகளுக்கு வயிறு நிறைந்த உணர்வு எளிதில் வருவதில்லை என்றும் பார்த்திருக்கிறார்கள். "போதும்னு தோணலம்மா" என்று ஒரு பிள்ளை சொன்னால், அதைப் பேராசை என்று திட்டலாமா?

தாய்மாமனையோ அத்தை மகனையோ கட்டுவது நம் பக்கம் இன்னும் சகஜம் என்பதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். குறையுள்ள ஒரே மரபணு இரு பக்கமிருந்தும் சேர்ந்தால், பசியை அடக்கும் லெப்டின் என்ற ஹார்மோன் சுரக்காத குழந்தை பிறக்கலாம். இது மிக அபூர்வம். 1997இல் இங்கிலாந்தில் முதன்முதலில் கண்டறியப்பட்ட இரு குழந்தைகளும் அப்படி உறவுக்குள் திருமணம் நடந்த ஒரு பாகிஸ்தானியக் குடும்பத்தைச் சேர்ந்தவர்கள். அவர்களில் ஒரு சிறுமிக்கு லெப்டின் ஊசி போட்ட பிறகு பசி அடங்கியது, எடையும் இறங்கியது. கண்டிப்பு அவளை என்ன செய்திருக்கும்? 5 வயதுக்கு முன்பே எடை மிக வேகமாக ஏறி, எவ்வளவு ஊட்டினாலும் பசி அடங்காத குழந்தையை மரபணுப் பரிசோதனைக்கு அனுப்பலாம் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். இதை உங்கள் கட்டுரை சொல்லியிருந்தால் எத்தனையோ பேருக்கு உதவியாக இருந்திருக்கும்.

பரம்பரை என்பதால் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவும் நான் சொல்லவில்லை. தினமும் ஒரு மணி நேரம் ஓடியாடும் வளரிளம் பிள்ளைகளிடம் எஃப்.டி.ஓ.வின் தாக்கம் வெகுவாகக் குறைவதாக ஐரோப்பாவில் 2010இல் கண்டிருக்கிறார்கள். அதாவது மற்றவர்களைவிட இந்தப் பிள்ளைகளுக்குத்தான் விளையாட்டு அதிகம் தேவை. இங்கோ பத்தாவது வந்துவிட்டால் பி.டி. பீரியட் கணக்குப் பாடத்துக்குப் போய்விடுகிறது. எங்கள் தெருவில் பைக் நிறுத்தியது போக ஸ்கிப்பிங் ஆடக்கூட இடமில்லை. காந்தி ஸ்டேடியத்துக்கு பஸ் ஏறிப் போகவேண்டும். இருட்டியபின் பெண் பிள்ளையை எப்படித் தனியாக அனுப்புவது?

பள்ளிகள் எடை பார்க்கட்டும். தனியாகப் பார்த்து, சீட்டில் எழுதிப் பெற்றோரிடம் கொடுக்கட்டும். பி.டி. பீரியடில் யாரும் கை வைக்க வேண்டாம். நீங்களும் ஒரு குழந்தைகள் நல மருத்துவரைக் கொண்டு பரம்பரை பற்றி எழுதச் சொல்லி, அதே ஞாயிறு இணைப்பில் அதே அளவு இடம் கொடுத்து வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
அம்மாபேட்டை, சேலம்.