தாயக்கட்டையும் பழைய மஸ்கெலியாவும்

ஆசிரியர் அவர்களுக்கு,

மவுசாக்கலை நீர்த்தேக்கத்தில் தண்ணீர் வற்றும்போதெல்லாம் பத்திரிகைகளில் ஒரே மாதிரியான படம் வருகிறது. வெடித்துக் கிடக்கும் சேறு, நடுவில் பழைய கோவிலின் கற்கள், விகாரையும் பள்ளிவாசலும் இருந்த இடங்கள், கையில் போனோடு சுற்றி நிற்கும் ஆட்கள். 1969இல் அணை வந்தபோது தண்ணீருக்குள் போன பழைய மஸ்கெலியா டவுன் அது. என் அம்மாயி அந்த டவுன் கடைத்தெருவில் அரிசி, கருவாடு வாங்கிக்கொண்டு தேயிலைத் தோட்டத்துக்கு நடந்தவர். நான் எழுத வந்தது பிள்ளைகள் விளையாடும் ஒரு விளையாட்டைப் பற்றி. ஆனால் அதை எழுத உட்கார்ந்தால் இந்தக் கற்களும் கூடவே வந்துவிடுகின்றன.

நான் மஸ்கெலியாவுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டப் பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறேன். கொழும்பில் வேலை செய்யும் என் தம்பி, இரண்டு வருஷத்துக்கு முன் தீபாவளிக்கு வீட்டுக்கு வந்தபோது ஒரு சின்னப் பையைக் கொண்டுவந்தான். உள்ளே நான்கு முகம், ஆறு முகம், எட்டு, பத்து, பன்னிரண்டு, இருபது முகம் என்று விதவிதமான தாயக்கட்டைகள். 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற விளையாட்டு. 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இரண்டு பேர் வெளியிட்டது. பலகை தேவையில்லை, காய்களும் கட்டாயமில்லை. ஒருவர் கதைசொல்லியாக இருந்து, "காட்டுக்குள் ஒரு கல் வாசல் தெரிகிறது" என்று இடத்தைச் சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக இருந்து, தான் என்ன செய்கிறேன் என்று சொல்வார்கள். செய்வது பலிக்குமா பலிக்காதா என்ற சந்தேகம் வரும் இடத்தில் மட்டும் கட்டை உருளும். அவ்வளவுதான். பணம் வைத்து ஆடுவதில்லை. வெற்றி தோல்வி என்றுகூட ஒன்று கிடையாது, கதை நீண்டுகொண்டே போகும்.

நம் ஆட்களுக்கு இது புதிதாகத் தெரியக் கூடாது. மாசி மாதம் காமன் கூத்து நடக்கும்போது, காலையில் மலைக்குப் போய்த் தேயிலை கவ்வாத்து வெட்டிய ஆள்தான் ராத்திரி மன்மதன். அவர் ரதியைப் பிரியும்போது லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் ஆட்கள் உண்மையிலேயே அழுகிறார்கள். வேறொருவராக நின்று பேசுவது நமக்குப் பழகிப்போன விஷயம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தோட்டத்து வாசிகசாலையில் ஐந்து பிள்ளைகளை வைத்து ஆரம்பித்தேன். ஒரு வாள்வீரன், ஒரு வைத்தியக்காரி, பூட்டுத் திறக்கும் ஒரு திருடன், ஒரு மந்திரவாதி, வழிகாட்டும் ஒரு வேடுவச்சி. காட்டுக்குள் இடிந்துபோன ஒரு நகரம், அதற்குள் மறைந்திருக்கும் புதையல் என்பதுதான் கதை. இந்த விளையாட்டில் மிகவும் பழைய, எல்லோருக்கும் பிடித்த கதை வகை இது.

அந்த இடத்தை, அனுராதபுர மாவட்டத்து ரிட்டிகலை மலையை நினைத்து வரைந்தேன். பயிற்சிக் கலாசாலையில் படித்த காலத்தில் அங்கே ஒருமுறை போயிருக்கிறேன். மலையடிவாரத்தில் பெரிய கல் கட்டிய வாவி, அங்கிருந்து மரங்களுக்குள் ஏறிப்போகும் கல்பாவிய பாதை, சிறிய கல் பாலத்தால் இணைத்த இரட்டை மேடைகள். கந்தல் துணி உடுத்தித் தவம் செய்த பிக்குகள் இருந்த இடம். மற்ற பழைய விகாரைகளில் பார்ப்பது போன்ற சிலைகளை அங்கே காண முடியாது. வேரும் கல்லும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கும் அந்தப் பாதையை அப்படியே எடுத்து எங்கள் கதைக்குள் போட்டேன். ரத்தம் குடிக்கும் அட்டைகளையும் சேர்த்தேன். அட்டை இல்லாத காட்டை எங்கள் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள்.

நகரத்துக்குள் யார் இருக்கிறார்கள் என்று கதைசொல்லி முடிவு செய்ய வேண்டும். தம்பி போனில் அனுப்பிய விதிப் பக்கங்களில் உடும்பு போன்ற உடலும் மனிதர் போன்ற நடையும் கொண்ட ஒரு கூட்டம் இருந்தது. சரி, இவர்களே இருக்கட்டும் என்று எடுத்துக்கொண்டேன். எத்தனை அடி தாங்குவார்கள், எவ்வளவு வலுவாகக் கடிப்பார்கள், தோல் எவ்வளவு தடிப்பு என்று எல்லாம் எண்களில் இருந்தன.

மூன்றாவது ஞாயிறு பிள்ளைகள் வாவிக்கரைக்கு வந்து சேர்ந்தார்கள். மேடைகளின் மேல் உடும்பு மக்கள் இருபது பேர் நிற்கிறார்கள் என்று சொன்னேன். வாள்வீரனாக ஆடும் பையன் பத்தாம் ஆண்டு படிக்கிறான். "டீச்சர், நான் வாளை உருவுறேன்" என்றான். மந்திரவாதி நெருப்பு எறியத் தயாரானாள். இந்த விளையாட்டின் பழைய பதிப்புகளில் எனக்கு மிகவும் பிடித்த விதி ஒன்று உண்டு: யாரையாவது எதிரில் சந்தித்தால், முதலில் ஆறு முகக் கட்டைகள் இரண்டை உருட்ட வேண்டும். கூட்டுத்தொகை 2 வந்தால் உடனே தாக்குவார்கள். 12 வந்தால் நண்பர்கள். 6, 7, 8 என்றால் அவர்களும் குழம்பி நிற்கிறார்கள், நாம் என்ன செய்கிறோம் என்று பார்க்கிறார்கள். பிள்ளைகளையே கணக்குப் போடச் சொன்னேன். 36 வழிகளில் தாக்குதல் ஒன்றே ஒன்று, நட்பும் ஒன்றே ஒன்று, குழப்பம் 16. உருட்டினார்கள், 7 விழுந்தது.

யாரும் பேசவில்லை. அப்புறம் வேடுவச்சியாக ஆடும் பிள்ளை, ஐந்து பேரில் சின்னவள், எழுந்து நின்று அந்த உடும்பு மக்களைப் பார்த்துக் கேட்டாள்: "நீங்க எத்தன வருஷமா இங்க இருக்கீங்க?"

என்னிடம் பதில் இல்லை. விதிப் பக்கத்தைப் புரட்டினேன், அடியும் கடியும் மட்டும்தான் இருந்தன. அந்த மக்கள் என்ன சமைப்பார்கள், யார் கைப்பிள்ளைக்காரி, யார் கிழவி, அந்த மேடையை விட்டுப் போகாமல் ஏன் நிற்கிறார்கள் என்று நான் யோசித்ததே கிடையாது. இருபது பேரை அங்கே நிறுத்திவைத்துவிட்டு, அடித்துக் கொல்வதற்கான எண்களை மட்டும் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெட்கமாக இருந்தது. வாயில் வந்ததைச் சொன்னேன்: "கீழே எங்கள் ஊர் இருந்தது. தண்ணீர் வந்தது. நாங்கள் மேலே ஏறிவிட்டோம்."

சொன்ன பிறகுதான் தெரிந்தது, அது என் அம்மாயி சொன்ன வார்த்தை என்று.

அதற்குப் பிறகு நடந்ததை விரிவாகவே சொல்ல ஆசை. அடுத்த மூன்று ஞாயிறும் பிள்ளைகள் அந்த இடிபாட்டைவிட்டு நகரவில்லை. வாவியின் மதகு உடைந்திருப்பதைக் கண்டுபிடித்தார்கள். வைத்தியக்காரி குழந்தைகளின் வயிற்றுப்போக்குக்குக் காரணம் தேடினாள், அழுகிய தண்ணீர்தான் என்று கண்டாள். திருடன் புதையல் அறையைத் திறந்தான். உள்ளே இருந்தவை செத்துப்போனவர்களின் நகைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் உண்டு என்று கிழவி சொன்னாள். அவன் பூட்டைத் திரும்பப் பூட்டினான். வாள்வீரன்தான் நெடுநேரம் முறைத்துக்கொண்டிருந்தான், யாரையும் வெட்டாவிட்டால் தன் பாத்திரம் வளர்வதற்கான புள்ளி எப்படிக் கிடைக்கும் என்று. கேட்பது நியாயம். பழைய விதிப்படி சண்டையைவிடத் தங்கத்துக்குத்தான் கூடுதல் புள்ளி, வெளியே கொண்டுவரும் ஒரு தங்கக் காசுக்கு ஒரு புள்ளி. அப்படியென்றால் யாருடைய தங்கம் என்ற கேள்வி வருகிறது. நான் விதியை மாற்றினேன்: அந்த மக்களில் ஒருவருடைய பெயரையும் கதையையும் கேட்டுத் தெரிந்துகொண்டால் நூறு புள்ளி. வாள்வீரன் அடுத்த வாரம் பதினொரு பெயர்களோடு முதலிடத்தில் நின்றான். மதகுக்குக் கல் சுமந்ததும் அவன்தான்.

இன்னொரு சங்கடம் மொழிபெயர்ப்பில் வந்தது. பிள்ளைகளுக்காக விதிகளைச் சுருக்கி ஒரு கொப்பியில் தமிழில் எழுதுகிறேன். பாத்திரம் மனிதனா, குள்ளனா, உடும்பா என்று குறிக்க ஆங்கிலத்தில் நெடுங்காலம் பாவித்த சொல்லுக்கு நேர்த் தமிழ் 'இனம்'. எழுதிப் பார்த்தேன், கை கூசியது. இந்த நாட்டில் எந்தப் படிவத்தை நிரப்பினாலும் வரும் சொல் அது. 'இந்தியத் தமிழர்' என்று எழுதி எழுதியே என் அப்பாவின் காலம் போனது. 2024இல் வந்த புதிய பதிப்பில் விளையாட்டை வெளியிடுகிறவர்களே அந்தச் சொல்லை எடுத்துவிட்டு உயிர்வகை என்று பொருள்படும் சொல்லைப் போட்டிருக்கிறார்கள். நான் என் கொப்பியில் 'மக்கள்' என்று எழுதியிருக்கிறேன். மனித மக்கள், உடும்பு மக்கள்.

ஏன் இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்கிறேன் என்றால், காட்டுக்குள் போய் அங்கே இருப்பவர்களை எண்ணாக மட்டும் பார்க்கும் கதை நமக்குத் தூரத்துக் கதை இல்லை. இந்தியாவிலிருந்து வந்து மன்னார்க் கரையில் இறங்கி, காடு வழியாக மாத்தளைக்கு நடந்துவந்தவர்களின் பிள்ளைகள் நாம். அவர்கள் தாண்டிவந்த காட்டிலும் பழைய நகரங்கள் இடிந்து கிடந்தன. வழியில் கொள்ளைநோயில் விழுந்தவர்களுக்குக் கல்லறைகூட இல்லை. வந்து சேர்ந்தவர்கள் செக்ரோல் என்ற தோட்டப் பெயர்ப் பதிவேட்டில் ஒரு நம்பர் ஆனார்கள். 1948இல் நம்மில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கிய குடியுரிமைச் சட்டம் வந்தது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 525,000 பேர் இந்தியாவின் பக்கம், 300,000 பேர் இலங்கையின் பக்கம், மீதி 150,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று பிரித்தார்கள். "நீங்க எத்தன வருஷமா இங்க இருக்கீங்க?" என்று யாராவது கேட்டார்களா? 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு, நம் ஆட்கள் வந்த இருநூறு வருஷ நினைவாக நடந்து வந்தவர்களை நான் மாத்தளையில் நின்று பார்த்தேன். அந்தக் கேள்விக்கான பதிலைத்தான் அவர்கள் கால்களால் சொல்லிக்கொண்டு வந்தார்கள் என்று எனக்குப் பட்டது.

நாம் மட்டும் இல்லை. ஆறாவது ஞாயிறு மந்திரவாதிப் பிள்ளை எங்கோ வாசித்துவிட்டு வந்து கேட்டாள், பதுளை மாவட்டத்துத் தம்பானையில் இருக்கும் வேடுவ மக்களுக்கு என்ன நடந்தது என்று. 1983இல் மாதுரு ஓயா தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டபோது அவர்கள் தலைமுறை தலைமுறையாக வேட்டையாடி, தேன் எடுத்த காடு அவர்களுக்கு மூடப்பட்டது. பல குடும்பங்களை வேறிடத்தில் குடியேற்றினார்கள். தலைவர் திசாஹாமியும் சிலரும் தம்பானையை விட்டுப் போக மறுத்தார்கள். இதைச் சொன்னபோது வாள்வீரன் கேட்டது: "அப்ப அவங்களுக்கு ரெண்டு கட்டை உருட்டவே இல்லையா டீச்சர்?" நான் இருபது வருஷமாகப் படிப்பிக்கிறேன். வகுப்பறையில் என்னிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஏழாவது ஞாயிறு போனபோது வாசிகசாலை பூட்டியிருந்தது. கட்டை உருட்டுவது சூது, மந்திரவாதி என்று பேசுவது பிள்ளைகளைக் கெடுக்கும் என்று கமிட்டி முடிவு செய்துவிட்டதாம். அந்தப் பெரியவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. சம்பள நாளில் சீட்டாட்டத்தில் போன காசை ஒவ்வொரு லயமும் அறியும். சகுனியின் தாயம் பாண்டவர்களை எங்கே கொண்டுபோய் விட்டது என்று கூத்தில் பார்த்து வளர்ந்தவர்கள் அவர்கள். அமெரிக்காவிலும் 1980களில் இதே விளையாட்டைப் பேய் வணக்கம் என்று சொல்லிப் பல பெற்றோர் பயந்தார்கள். அந்தப் பயத்துக்கு ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை, அது மெல்லத் தணிந்தது. பெற்றோரின் இன்னொரு கவலை சாதாரணதரப் பரீட்சை. அதற்கு ஒன்று சொல்கிறேன்: இருபது முகக் கட்டையில் 13 அல்லது அதற்கு மேல் விழ வாய்ப்பு என்ன என்று கேட்டால், இந்த ஐந்து பேரும் நான் கரும்பலகைப் பக்கம் திரும்புமுன் இருபதில் எட்டு என்கிறார்கள். நிகழ்தகவுப் பாடத்தில் மற்ற வகுப்புகளோடு நான் படும் பாடு எனக்குத் தெரியும்.

இப்போது எங்கள் வீட்டு இஸ்தோப்புத் திண்ணையில் விளையாடுகிறோம். மழை அடித்தால் பேப்பர் நனைகிறது. பக்கத்துக் காம்பிராக்களில் நைட் வேலை முடித்துத் தூங்குகிறவர்கள் இருப்பதால் சத்தம் போட முடியாது. சண்டைக் காட்சியைக்கூடக் கிசுகிசுத்துத்தான் ஆடுகிறோம். தம்பி தந்த கட்டைகளில் எட்டு முகக் கட்டை தொலைந்துவிட்டது. பால்மா டின்னுக்குள் எட்டுச் சீட்டுகளைப் போட்டுக் குலுக்கி எடுக்கிறோம், அது ஒரு குறையாகத் தெரியவில்லை. இடம்தான் இல்லை.

ஆகவே தோட்டங்களில் வாசிகசாலை, சனசமூக நிலையம் நடத்துகிறவர்களிடம் நான் கேட்பது ஞாயிறு பின்னேரம் மூன்று மணித்தியாலம், ஒரு மேசை, ஒரு மின்குமிழ். தமிழ் படித்த பல்கலைக்கழகப் பிள்ளைகளிடம் இன்னொன்றும் கேட்கிறேன். 2023 ஜனவரியில் இந்த விளையாட்டின் அடிப்படை விதிகளை, மூலத்தைக் குறிப்பிட்டு யாரும் மொழிபெயர்க்கலாம், மாற்றலாம் என்ற திறந்த உரிமத்தில் வெளியிட்டுவிட்டார்கள். நல்ல தமிழில், நம் காடும் நம் மலையும் வைத்து ஒரு சிறு நூல் செய்யலாம். என் கொப்பியைத் தருகிறேன். உங்கள் பத்திரிகையின் சிறுவர் பக்கத்தில் வாரம் ஒரு விதியாகப் போட்டாலும் நல்லது.

எங்கள் வாசிகசாலைக் கமிட்டியினர் இதை வாசிப்பார்கள் என்று தெரியும். ஐயாமாரே, வரும் ஞாயிறு நான்கு மணிக்கு எங்கள் இஸ்தோப்புக்கு வாருங்கள், சாயத்தண்ணியும் ரொட்டியும் இருக்கும். பிள்ளைகள் இப்போது மதகைக் கட்டி முடித்துவிட்டார்கள். வாவி நிரம்பினால் கீழ்மேடையில் இருக்கும் நான்கு குடும்பங்கள் எங்கே போவது என்று இந்த வாரம் தீர்மானிக்க வேண்டும். உடும்பு மக்களின் மூத்தவராக இருந்து பேச ஒரு ஆள் தேவைப்படுகிறது. பழைய மஸ்கெலியாவைக் கண்ணால் பார்த்தவர் உங்களில் இரண்டு பேர் இருக்கிறீர்கள்.

இப்படிக்கு,
கணித ஆசிரியை ஒருவர்,
மஸ்கெலியா.